இருவழி அட்டவணையில் தொடர்பைச் சோதிப்பது எப்படி: பி-மதிப்போடு நிறுத்திவிடாதீர்கள்

கிராஸ்டேப் (இருவழி அட்டவணை) போட்டு, கை-ஸ்கொயர் (தொடர்பு உண்டா என்று பார்க்கும் சோதனை) பெட்டியில் டிக் அடித்து, பி-மதிப்பு (தொடர்பே இல்லையென்றாலும் இவ்வளவோ இன்னும் அதிகமோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்ததும் "தொடர்பு உள்ளது" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிற அறிக்கைகள் ஏராளமாக இருக்கின்றன. அந்தத் தொடர்பு எந்தப் பிரிவில் தெரிகிறது, எந்தத் திசையில், எவ்வளவு பலமாக, நடுவில் வேறொரு காரணி புகுந்து படத்தையே மாற்றுகிறதா என்று அந்த ஒரு வரியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. படிக்கிறவருக்கு வேண்டியதோ இவைதான். இத்தனைக்கும் எல்லாமே அதே மென்பொருளில், அதே ஜன்னலில், இன்னும் இரண்டு மூன்று டிக் அடித்தால் கிடைத்துவிடும். அதனால்தான் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதோடு நிற்காமல், வெளியீட்டை எந்த வரிசையில் படிப்பது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு டைட்டானிக் தரவை எடுத்துக்கொள்வோம். ஆர் மென்பொருளை நிறுவினாலே இது கூடவே வந்துவிடும், தனியாக எதையும் இறக்க வேண்டாம். 1912-இல் மூழ்கிய அந்தக் கப்பலில் இருந்த 2201 பேர் வகுப்பு, பாலினம், வயது, பிழைத்தார்களா என்ற நான்கு வழிகளில் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். வகுப்பையும் பிழைத்ததையும் மட்டும் வைத்துச் சுருக்கினால் இப்படி வரும்:

| வகுப்பு | பிழைத்தவர் | இறந்தவர் | மொத்தம் |
|---|---|---|---|
| முதல் வகுப்பு | 203 | 122 | 325 |
| இரண்டாம் வகுப்பு | 118 | 167 | 285 |
| மூன்றாம் வகுப்பு | 178 | 528 | 706 |
| ஊழியர் | 212 | 673 | 885 |
| மொத்தம் | 711 | 1490 | 2201 |

தரவை உள்ளே கொடுப்பது

உங்கள் கையில் ஆளுக்கொரு வரியாகத் தரவு இருந்தால் ஒரு சிக்கலும் இல்லை, மென்பொருள் தானே எண்ணிக்கொள்ளும். ஏற்கெனவே எண்ணி முடித்த அட்டவணை மட்டும்தான் இருக்கிறது என்றால்தான் கொஞ்சம் கவனம் வேண்டும்.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: வகுப்பு, முடிவு, எண்ணிக்கை. நம் அட்டவணைக்கு எட்டு வரிகள் வரும். அப்புறம் டேட்டா மெனுவில் கடைசிப் பக்கமாக இருக்கும் வெயிட் கேசஸ்-க்குப் போய், எண்ணிக்கை நெடுவரிசையை எடையாகக் கொடுக்க வேண்டும். இதை மறந்தால் மென்பொருள் எட்டு வரியையும் எட்டு ஆட்களாக நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்திலும் 1 விழும், கை-ஸ்கொயர் சுத்தமாக 0 என்று வரும். வெளியீட்டில் மொத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் பழக்கம் இருந்தால் இது உடனே பிடிபடும். ஜமோவி, ஜாஸ்ப் இரண்டிலும் இந்த வேலைக்கு அந்தச் சோதனையின் ஜன்னலிலேயே 'கவுண்ட்ஸ்' என்று தனிப் பெட்டி இருக்கிறது. ஸ்டாட்டாவில் 'டேப்ஐ' கட்டளைக்கு எண்களை நேரடியாகவே தட்டிக் கொடுக்கலாம், வரிகளுக்கு நடுவே பின்சாய்கோடு வைத்தால் போதும். ஆர்-இல் மேட்ரிக்ஸ் ஆகக் கொடுங்கள். டைட்டானிக் மாதிரிப் பல வழி அட்டவணையாக இருந்தால் மார்ஜின் டேபிள் ஃபங்ஷனில் 1-வது, 4-வது பரிமாணங்களைக் கேட்டால் மேலே உள்ள அட்டவணை வந்துவிடும். தரவின் பெயரில் முதல் எழுத்து பெரிய எழுத்து, சின்ன எழுத்தில் தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடும்.

எந்த மென்பொருளானாலும் கட்டங்களுக்குள் எண்ணிக்கையைத்தான் கொடுக்க வேண்டும். சதவீதத்தைக் கொடுக்காதீர்கள். கை-ஸ்கொயர் கணக்கு முழுக்க எத்தனை பேர் என்பதை நம்பி நடப்பது. 40 பேரில் பாதியும் 4000 பேரில் பாதியும் அதற்கு வேறு வேறு. 50 என்று மட்டும் கொடுத்தால் இந்த வித்தியாசம் அழிந்துபோகும், மென்பொருளும் எச்சரிக்காமல் ஒரு தவறான பி-மதிப்பைக் கொடுத்துவிடும். அதேபோல 'தெரியாது', 'பதில் இல்லை' என்பதற்கு 99 என்று குறியீடு போட்டிருந்தால் அதை விடுபட்ட மதிப்பாக அறிவித்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் ஒரு பிரிவாக அட்டவணையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் சதவீதம்

சோதனைக்கு முன்னால் சதவீதத்தைப் பாருங்கள். எந்தத் திசையில் சதவீதம் எடுப்பது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். காரணமாக நினைப்பது எதுவோ அதற்குள் 100 சதவீதம் வர வேண்டும். இங்கே வகுப்புதான் காரணம், பிழைத்தது விளைவு. வகுப்பு வரிகளில் இருப்பதால் வரிச் சதவீதம். எஸ்பிஎஸ்எஸ்-இல் அனலைஸ், டிஸ்கிரிப்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கிராஸ்டேப்ஸ் என்று போய், செல்ஸ் பொத்தானில் 'ரோ' என்பதை டிக் அடியுங்கள். ஆர்-இல் ப்ராப் டேபிள் ஃபங்ஷனுக்கு இரண்டாவது மதிப்பாக 1 கொடுங்கள்.

கிடைப்பது இது: முதல் வகுப்பில் 62.5 சதவீதம் பிழைத்திருக்கிறார்கள், இரண்டாம் வகுப்பில் 41.4, மூன்றாம் வகுப்பில் 25.2, ஊழியரில் 24.0. மொத்தக் கப்பலில் 32.3. கதை ஏறக்குறைய இங்கேயே தெரிந்துவிடுகிறது. இதற்குமேல் சோதனை ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறது: இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க முடியுமா?

கை-ஸ்கொயர் என்ன செய்கிறது

தொடர்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் எல்லா வகுப்பிலும் அதே 32.3 சதவீதம் பிழைத்திருக்க வேண்டும், அதாவது முதல் வகுப்பின் 325 பேரில் சுமார் 105 பேர். இதுதான் எதிர்பார்க்கும் எண்ணிக்கை. வரி மொத்தத்தை நெடுவரிசை மொத்தத்தால் பெருக்கி முழு மொத்தத்தால் வகுத்தால் வரும். உண்மையில் பிழைத்தது 203. இந்த வித்தியாசத்தை வர்க்கமாக்கி எதிர்பார்க்கும் எண்ணிக்கையால் வகுத்து, எட்டு கட்டங்களுக்கும் கூட்டினால் 190.4 வருகிறது. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் என்பது வரிகளில் ஒன்று குறைத்து, நெடுவரிசைகளில் ஒன்று குறைத்து, இரண்டையும் பெருக்குவது, இங்கே 3. அதற்கு 5 சதவீத எல்லை 7.815 என்னும்போது 190 எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

(கார்ல் பியர்சன் 1900-இல் இந்தச் சோதனையைக் கொடுத்தபோது இத்தகைய அட்டவணைகளுக்கான டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்தைத் தவறாகத்தான் வைத்திருந்தார். 1922-இல் ஃபிஷர் அதைத் திருத்தினார்.)

இயக்குவது எளிது. எஸ்பிஎஸ்எஸ்-இல் அதே கிராஸ்டேப்ஸ் ஜன்னலில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பொத்தான், கை-ஸ்கொயர், கூடவே 'ஃபை அண்ட் க்ராமர்ஸ் வி'. செல்ஸ் பொத்தானில் 'எக்ஸ்பெக்டட்' மற்றும் 'அட்ஜஸ்டட் ஸ்டாண்டர்டைஸ்ட்' இரண்டையும் அடித்துவிடுங்கள், இவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆர்-இல் கை-ஸ்கொயர் டெஸ்ட் ஃபங்ஷனின் முடிவை ஒரு பெயரில் சேமியுங்கள், சும்மா திரையில் அச்சிட்டால் மூன்று எண்களோடு முடிந்துவிடும். சேமித்தால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை, எச்சங்கள் (உண்மை எண்ணிக்கை எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைக் காட்டும் எண்கள்) எல்லாம் அதற்குள் இருக்கும். பைத்தானில் சைபை தொகுப்பில் இதற்கான ஃபங்ஷன் உண்டு, எதிர்பார்க்கும் எண்ணிக்கையைத் தானே திருப்பித் தரும். எக்செல்லிலும் செய்யலாம், ஆனால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை அட்டவணையை நீங்களே கட்ட வேண்டும், கிடைப்பதும் வெறும் பி-மதிப்பு மட்டும்தான். வேறு வழி இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எஸ்பிஎஸ்எஸ் வெளியீட்டில் பல வரிகள் வரும். 'பியர்சன்' என்ற வரிதான் உங்களுக்கு வேண்டியது. பி-மதிப்பு இடத்தில் 0.000 என்று இருந்தால் அப்படியே எழுதிவிடாதீர்கள், 0.001-ஐவிடக் குறைவு என்று எழுதுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சோதனை ஒவ்வொரு ஆளும் தனித்தனி என்று நம்புகிறது. கப்பலில் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நேர்ந்தது மற்றவருக்கு நேர்ந்ததோடு தொடர்புடையதாக இருந்திருக்கலாம். ஆகவே அந்த நம்பிக்கை இங்கே முழுசாகப் பொருந்தாது. 190 என்பது மிகப் பெரிய எண் என்பதால் முடிவு மாறாது, ஆனால் உங்கள் தரவில் பி-மதிப்பு 0.04 என்று விளிம்பில் நிற்கிறது, ஒரே வீட்டில் மூன்று பேரிடம் கேட்டிருக்கிறீர்கள் என்றால், அந்த 0.04-ஐ நம்பாதீர்கள். ஒரே ஆள் இரண்டு கட்டங்களில் எண்ணப்படும் அட்டவணைக்கு, அதாவது பல பதில்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன கேள்விகளுக்கு, இந்தச் சோதனை பொருந்தவே பொருந்தாது.

கட்டங்கள் மெலிந்திருந்தால்

எதிர்பார்க்கும் எண்ணிக்கை சின்னதாக இருந்தால் கை-ஸ்கொயர் தரும் பி-மதிப்பு தடுமாறும். 5-க்குக் கீழே எதிர்பார்க்கும் கட்டங்கள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எந்தக் கட்டமும் 1-க்குக் கீழே போகக் கூடாது என்பது கோக்ரன் 1954-இல் சொன்ன வழிகாட்டல்; இன்றும் பெரும்பாலோர் வைத்துக்கொள்வது இதைத்தான். கவனியுங்கள், எதிர்பார்க்கும் எண்ணிக்கைதான் கணக்கு. உண்மையில் ஒரு கட்டத்தில் 2 பேர் இருப்பதால் மட்டும் பயப்பட வேண்டாம். எஸ்பிஎஸ்எஸ் இதை அட்டவணைக்குக் கீழே அடிக்குறிப்பாகத் தரும், ஆர் தோராயக் கணக்கு சரியாக இல்லாமல் போகலாம் என்று எச்சரிக்கும்.

எவ்வளவு தடுமாறும் என்பதற்கு ஃபிஷர் 1935-இல் எழுதிய டீ சோதனை நல்ல எடுத்துக்காட்டு. எட்டு கோப்பை, நான்கில் பால் முதலில் ஊற்றியது, நான்கில் டீ முதலில். சுவைப்பவர் எட்டையும் சரியாகப் பிரித்துவிட்டால் அட்டவணை 4, 0, 0, 4. எல்லாக் கட்டத்திலும் எதிர்பார்ப்பது 2 மட்டுமே. திருத்தம் இல்லாத கை-ஸ்கொயர் 8, பி-மதிப்பு 0.005. சின்ன எண்ணிக்கைகளுக்காகக் கை-ஸ்கொயரைக் கொஞ்சம் குறைக்கும், யேட்ஸ் 1934-இல் கொடுத்த திருத்தத்தோடு 4.5, பி-மதிப்பு 0.034. தற்செயலாக இப்படி அமைய 70-இல் ஒரு வாய்ப்பு என்று நேரடியாக எண்ணிச் சொல்லும் ஃபிஷர் துல்லியச் சோதனையில் இருபக்கப் பி-மதிப்பு (எட்டையும் தலைகீழாகப் பிரித்துவிடும் வாய்ப்பையும் சேர்த்து) 0.029. திருத்தம் இல்லாதது ஆறு மடங்கு மிகைப்படுத்துகிறது.

இங்கே இன்னொரு குழப்பமும் தீர்ந்துவிடும். ஒரே 2×2 அட்டவணைக்கு ஆர் ஓர் எண்ணும் எஸ்பிஎஸ்எஸ் வேறு எண்ணும் தருகிறதே என்று நிறையப் பேர் திகைக்கிறார்கள். ஆர், சைபை இரண்டும் 2×2-க்கு யேட்ஸ் திருத்தத்தைத் தாமாகவே போட்டுவிடும், நீங்கள்தான் அணைக்க வேண்டும். எஸ்பிஎஸ்எஸ் திருத்தம் இல்லாதது, 'கன்டினியூயிட்டி கரெக்ஷன்' (யேட்ஸ் திருத்தம்தான்), ஃபிஷர் மூன்றையும் தனித்தனி வரியில் தருகிறது. எதைப் பயன்படுத்தினீர்கள் என்று அறிக்கையில் சொல்லிவிட்டால் போதும், ஆனால் மூன்றையும் பார்த்துவிட்டுப் பிடித்ததை எடுக்கக் கூடாது.

2×2-ஐவிடப் பெரிய அட்டவணை மெலிந்திருந்தால்? ஆர்-இல் ஃபிஷர் டெஸ்ட் பெரிய அட்டவணைக்கும் ஓடும், சில நேரம் நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடும். அப்போது கை-ஸ்கொயர் டெஸ்டிலேயே சிமுலேஷன் (தற்செயலான அட்டவணைகளைப் பலமுறை உருவாக்கிப் பார்ப்பது) மூலம் பி-மதிப்பைக் கேட்கலாம். இயல்பாக 2000 முறைதான் ஓட்டும், அதில் வரக்கூடிய மிகச் சின்னப் பி-மதிப்பே சுமார் 0.0005, ஆகவே எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள். எஸ்பிஎஸ்எஸ்-இல் 'எக்ஸாக்ட்' பொத்தான் இருந்தால் அதில் மாண்டே கார்லோ, அதாவது இதே மாதிரிச் சிமுலேஷன், உண்டு. பிரிவுகளைச் சேர்த்துவிடுவதும் ஒரு வழிதான், ஆனால் சேர்ப்பதற்குப் பொருள் சார்ந்த காரணம் இருக்க வேண்டும். பி-மதிப்பு இறங்கும் வரைக்கும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்ப்பது நேர்மையான வேலை ஆகாது.

எந்தக் கட்டம் காரணம்

என் கருத்தில் இந்த வேலையிலேயே அதிகப் பயன் தருவதும், அதிகம் பேர் தவறவிடுவதும் எச்சங்கள்தான். 190.4 என்பது எட்டு கட்டங்களின் மொத்தம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அது சொல்லாது. அட்ஜஸ்டட் எச்சம் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக, தொடர்பு இல்லையென்றால் கிட்டத்தட்ட நார்மல் பரவலில் (0-ஐச் சுற்றி, பெரும்பாலும் −2-க்கும் 2-க்கும் நடுவே) நடந்துகொள்ளும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. ஆகவே 2-ஐத் தாண்டினால் கவனிக்கலாம், 3-ஐத் தாண்டினால் நிச்சயம் கவனிக்க வேண்டும். கட்டங்கள் நிறைய இருந்தால் எல்லையைக் கொஞ்சம் இறுக்குங்கள்; எட்டு கட்டத்துக்கு, 5 சதவீதத்தை எட்டால் வகுக்கும் போன்ஃபெரோனி முறையில் சுமார் 2.73.

பிழைத்தவர் நெடுவரிசையில் நமக்குக் கிடைப்பது: முதல் வகுப்பு 12.59, இரண்டாம் வகுப்பு 3.52, மூன்றாம் வகுப்பு −4.89, ஊழியர் −6.87. இறந்தவர் நெடுவரிசையில் இதே எண்கள் எதிர்க்குறியோடு. எல்லா வகுப்பும் எதிர்பார்ப்பிலிருந்து விலகியிருக்கிறது, ஆனால் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது முதல் வகுப்பு.

ஆர்-இல் எச்சம் என்று இரண்டு இருக்கும். 'ரெசிடுவல்ஸ்' என்ற பெயரில் வருவது பியர்சன் எச்சம், அதன் பரவல் 1-ஐவிடக் குறுகியது. 'எஸ்டிடி-ரெஸ்' என்று முடிவுக்குள் இருப்பதுதான் எஸ்பிஎஸ்எஸ்-இன் அட்ஜஸ்டட் எச்சத்துக்குச் சமம். முதலாவதை எடுத்துக்கொண்டு 2 என்ற எல்லையோடு ஒப்பிட்டால் சில உண்மையான விலகல்கள் கண்ணில் படாமல் போய்விடும்.

எவ்வளவு பலம்

இதே அட்டவணையில் எல்லாக் கட்டத்தையும் பத்தால் பெருக்கினால் சதவீதம் ஒன்றும் மாறாது, கை-ஸ்கொயர் மட்டும் 1904 ஆகிவிடும். ஆகவே பெரிய கை-ஸ்கொயர் என்றால் பலமான தொடர்பு என்று எழுதக் கூடாது. பலத்துக்கு க்ராமர்ஸ் வி: கை-ஸ்கொயரை மொத்த எண்ணிக்கையாலும், வரி நெடுவரிசை இரண்டில் சின்னதில் ஒன்று குறைத்ததாலும் வகுத்து வர்க்கமூலம். நமக்கு 0.29. இரண்டு நெடுவரிசை அட்டவணைக்கு 0.1 சின்னது, 0.3 நடுத்தரம், 0.5 பெரியது என்று கோஹன் சொன்ன அளவுகோல் பரவலாக இருக்கிறது; அதை இரும்புச் சட்டமாக எடுக்காமல் உங்கள் துறையில் வழக்கமாக எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.

2×2 என்றால் ஆட்ஸ் ரேஷியோவும் (பிழைத்தவரை இறந்தவரால் வகுத்து வரும் எண்ணை இரு குழுக்களுக்கிடையே ஒப்பிடுவது) பார்க்கலாம், எஸ்பிஎஸ்எஸ்-இல் 'ரிஸ்க்' டிக். டைட்டானிக்கில் பெண்கள் 470 பேரில் 344 பேரும், ஆண்கள் 1731 பேரில் 367 பேரும் பிழைத்தார்கள். ஆட்ஸ் ரேஷியோ 10.1. இதைப் பார்த்துவிட்டு "பெண்கள் பிழைக்கும் வாய்ப்பு பத்து மடங்கு" என்று எழுதினால் தவறு. 73.2 சதவீதத்தை 21.2 சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய மூன்றரை மடங்குதான். நிகழ்வு அரிதாக இருக்கும்போது மட்டுமே இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

மூன்றாவது மாறி

மேலே மூன்றாம் வகுப்பு 25.2 சதவீதம், ஊழியர் 24.0 சதவீதம். ஊழியர்தான் ஒரு துளி மோசம், கிட்டத்தட்ட சமம் என்று யாரும் எழுதிவிடுவார்கள். பாலினத்தைப் பிரித்துப் பாருங்கள். ஆண்களில் மூன்றாம் வகுப்பு 510 பேரில் 88 பேர், 17.3 சதவீதம், ஊழியர் 862 பேரில் 192 பேர், 22.3 சதவீதம். பெண்களில் மூன்றாம் வகுப்பு 196 பேரில் 90 பேர், 45.9 சதவீதம், ஊழியர் 23 பேரில் 20 பேர், 87.0 சதவீதம். ஆண், பெண் இருவரிலுமே ஊழியர்தான் அதிகம் பிழைத்திருக்கிறார்கள், சேர்த்துப் பார்த்தால் குறைவு! ஊழியரில் பெண்கள் மிகச் சிலர், பெண்களோ மொத்தமாகவே அதிகம் பிழைத்தவர்கள் என்பதால் வந்த விளைவு இது. சிம்ப்சன் முரண் என்று இதைச் சொல்வார்கள். ஆர்-இலேயே பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 1973 சேர்க்கைத் தரவும் இருக்கிறது, துறை வாரியாகப் பிரித்துப் பயிற்சி செய்ய அதுவும் அருமையானது.

எஸ்பிஎஸ்எஸ்-இல் கிராஸ்டேப்ஸ் ஜன்னலில் 'லேயர்' பெட்டியில் மூன்றாவது மாறியைப் போட்டால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அட்டவணை, தனிச் சோதனை வரும். 2×2 அடுக்குகளைச் சேர்த்து ஒரே முடிவு வேண்டுமென்றால் கோக்ரன்-மான்டெல்-ஹென்ஸல் சோதனை. ஆர்-இலும் அதற்கு ஃபங்ஷன் உண்டு. ஆனால் சேர்ப்பதற்கு முன் அடுக்குகளில் ஆட்ஸ் ரேஷியோ ஓரளவாவது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மேலே ஆண்களில் 1.4, பெண்களில் 7.9. இவ்வளவு விலகியிருந்தால் சராசரியாக ஓர் எண் சொல்வதில் அர்த்தம் இல்லை, தனித்தனியாகவே எழுதுங்கள்.

வேறு சோதனை வேண்டிய இடங்கள்

பிரிவுகளுக்கு இயல்பான வரிசை இருந்தால், உதாரணமாகத் திருப்தி குறைவு, நடுத்தரம், அதிகம் என்றால், சாதாரணக் கை-ஸ்கொயர் அந்த வரிசையைக் கண்டுகொள்ளாது. வரிகளை எப்படிக் கலைத்துப் போட்டாலும் அதே எண்தான் வரும். இரண்டு பக்கமும் வரிசை இருந்தால் காமா அல்லது கெண்டால் டௌ-பி என்ற வரிசைத் தொடர்பு அளவுகள், எஸ்பிஎஸ்எஸ் வெளியீட்டில் 'லீனியர்-பை-லீனியர்' வரியும் இதற்காகத்தான். ஒரே ஆட்களிடம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் கேட்ட ஆம்/இல்லை பதில்கள் என்றால் மெக்நெமார் சோதனை. அதில் கருத்தை மாற்றிக்கொண்டவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள்.

எழுதும்போது இப்படி எழுதலாம்: "வகுப்புக்கும் பிழைத்ததற்கும் தொடர்பு இருந்தது, கை-ஸ்கொயர் 190.4, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 3, எண்ணிக்கை 2201, பி 0.001-ஐவிடக் குறைவு, க்ராமர்ஸ் வி 0.29. முதல் வகுப்பில் 62.5 சதவீதமும் மூன்றாம் வகுப்பில் 25.2 சதவீதமும் பிழைத்தனர். மிகப் பெரிய விலகல் முதல் வகுப்பில், அட்ஜஸ்டட் எச்சம் 12.6." இதோடு எண்ணிக்கைகள் உள்ள முழு அட்டவணையையும் கொடுத்துவிடுங்கள், யார் வேண்டுமானாலும் அவரவர் மென்பொருளில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.